டாட் காம் வாங்கினால்தான் கூகுளில் மேலே வருமா?

இணைய முகவரியின் கடைசியில் வரும் டாட் காம், டாட் ஆர்க், டாட் இன் போன்ற வால்தான் டொமைன் எக்ஸ்டென்ஷன். அதற்காகக் கூகுள் தனி மதிப்பெண் போடுவதில்லை. டாட் காமும் டாட் ஷாப்பும் அதற்கு ஒன்றுதான். கடை வைத்திருப்பதால் டாட் ஷாப் வாங்கினால் முன்னால் வரும் என்பதும் வீண் ஆசை.

நாட்டுக் குறியீடுகள் மட்டும் கொஞ்சம் வேறு. டாட் இன் என்றால் இந்தியர்களுக்கான தளம், டாட் டிஇ என்றால் ஜெர்மானியர்களுக்கானது என்று கூகுள் எடுத்துக்கொள்ளும். வண்டியின் நம்பர் பிளேட் மாதிரி: எந்த மாநிலத்து வண்டி என்று தெரியும், வேகம் என்னவோ இன்ஜினில்தான். இதிலும் விலக்கு உண்டு. டாட் டிவி உண்மையில் துவாலு என்ற குட்டித் தீவு நாட்டுக்கு உரியது. உலகமே பயன்படுத்துவதால் கூகுள் அதைப் பொதுவானதாகவே நடத்துகிறது. டாட் ஐஓவும் அப்படித்தான்.

அப்புறம், பழகிய முகம் என்பதால் டாட் காமைச் சிலர் கூடுதலாக நம்புவார்கள். அது மனிதர்களின் பழக்கம்.

கல்வி நிறுவனங்களின் டாட் எடு (.edu), அரசின் டாட் கவ் (.gov) தளங்கள் முன்னால் வருவதைப் பார்த்து வாலுக்குத்தான் மவுசு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தத் தளங்களில் நல்ல தகவல் இருக்கிறது, அவற்றுக்குப் பலரும் இணைப்புக் கொடுக்கிறார்கள்.