மார்புப் புத்துநோய ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சும் கிராமத்துப் பொம்பளைங்களுக்கு ஏன் முழு மார்பையும் எடுத்துடுறாங்க?

முத்திப்போய் வர்றவங்க நெறைய பேர், அது வேற கதை. நீங்க கேட்டது ஆரம்ப நிலை. அதுல நான் கண்ணால பாத்த வரைக்கும் பெரிய காரணம் கரண்ட் வைக்கிற (அதாவது கதிர்வீச்சு சிகிச்சை குடுக்குற) மெஷின் ஊர்ல இருந்து எவ்ளோ தூரம்ங்கறதுதான்.

கட்டி சின்னதா இருந்தா அதை மட்டும் எடுத்துட்டு கரண்ட் வெச்சாலும் சரி, முழுசா எடுத்தாலும் சரி, உயிர் பிழைக்கிறதுல வித்தியாசம் இல்லன்னு இத்தாலியிலயும் அமெரிக்காவுலயும் 20 வருஷம் ஃபாலோ பண்ணி 2002லயே சொல்லிட்டாங்க. ஆனா கட்டியை மட்டும் எடுத்தா பெரும்பாலும் கரண்ட் வெச்சே ஆகணும், இல்லன்னா அதே மார்புல திரும்ப வர்ற சான்ஸ் கூடிடும். இங்கதான் சிக்கல்.

எங்க பெரியம்மா கமுதி பக்கம். டாக்டர் ரெண்டு வழியும் சொன்னார், கரண்டுன்னா திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் தினமும் அஞ்சு வாரம் மதுரைக்கு வரணும்னார். படுக்குறது என்னவோ கொஞ்ச நிமிஷம்தான், ஆனா அதுக்கு விடியக்காலைல பஸ் ஏறி, வெயிட் பண்ணி, திரும்பி வீடு வந்து சேர சாயங்காலம் ஆயிடும், மார்புல மார்க்கர்ல போட்ட கோடு அழியக் கூடாதுன்னு பாத்துப் பாத்து குளிக்கணும், நூறு நாள் வேலையும் போச்சு. பெரியப்பாவும் மாமாவும் வெளிய டீக்கடைல நின்னு பேசிட்டு வந்து "எடுத்துருங்க சார்"னுட்டாங்க. பெரியம்மாவ யாரும் கேக்கல. அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு, "ஆடு குட்டி போட்டுருக்கு, யாரு பாப்பா?"

காசு பிரச்சினையான்னு கேட்டா, ஆபரேஷனுக்கும் கரண்டுக்கும் முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருக்கு. பஸ் செலவு, தங்குற செலவு, கூட வர்றவர் கூலி இதெல்லாம் நம்ம கைல இருந்துதான். லேடீஸுக்கு ஃப்ரீங்கறது டவுன் பஸ்ல, மதுரைக்குப் போற பஸ்ல டிக்கெட்தான். இது நம்மூர்ல மட்டும்னு நெனைக்காதீங்க, அமெரிக்காவுல நியூ மெக்சிகோ மாநிலத்துல ஆராய்ச்சி பண்ணிப் பாத்தப்பவும் மெஷின் தூரமா இருக்க இருக்க கரண்ட் எடுத்துக்கிட்டவங்க குறைஞ்சுதான் இருந்தாங்க.

இன்னொண்ணு, பக்கத்து டவுன்ல சின்ன ஆஸ்பத்திரியில "கொழுப்புக் கட்டி"ன்னு ஊசி டெஸ்ட் கூட எடுக்காம அறுத்துடுறது. அப்புறம் ஓரத்துல நோய் மிச்சம் இருக்கா, எந்த மாத்திரை கேக்கும்னு ஒண்ணும் தெரியாம பெரிய ஆஸ்பத்திரில முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். இதை நெனச்சாதான் எனக்கு ஆத்திரமா வரும்.

இப்போ உங்க வீட்ல யாருக்காவது இந்த நிலைமைன்னா டாக்டர்கிட்ட "கரண்ட் எத்தனை சிட்டிங் வைக்கணும்?"னு கேளுங்க. 25ங்கறது பழைய கணக்கு, 15 சிட்டிங்ல மூணு வாரத்துல முடிக்கிறது இப்ப சாதாரணம், ஒரே வாரத்துல 5 சிட்டிங் போதும்னு 2020ல இங்கிலாந்து ஆராய்ச்சி வந்துருக்கு, எல்லாருக்கும் ஒத்து வராது ஆனா கேக்குறதுல தப்பில்ல. முழுசா எடுத்துட்டா கரண்டே வேணாம்னும் முடிவு பண்ணிடாதீங்க, அக்குள் நெறிகட்டில நோய் இருந்தா அப்பவும் வைக்கச் சொல்லலாம். அக்குள்ல நெறிகட்டிய எடுத்தா பின்னாடி கை வீங்க வாய்ப்பு இருக்கு, களை வெட்டுறவங்க, தண்ணி சுமக்குறவங்க அதுக்கு எக்சர்சைஸ் என்னன்னு டிஸ்சார்ஜ் ஆகுறதுக்கு முன்னாடியே கேட்டுக்கங்க. எங்க வீட்ல யாரும் கேக்கல, ஆஸ்பத்திரியிலயும் சொல்லல.