ஹுஸார் தலைக்கவசத்தின் இதய வடிவத் துளை

கேள்வி: போலந்தின் பழைய குதிரைப்படைத் தலைக்கவசங்களைப் படங்களில் பார்த்தேன். கன்னத் தகட்டில் இதய வடிவத் துளையும், விளிம்பெங்கும் பித்தளைப் பூக்களும் இருந்தன. போர்க்களத்துக்குச் செல்லும் கவசத்துக்கு இத்தனை அலங்காரம் எதற்கு?

பதில்: நீங்கள் பார்த்தது, பெரும்பாலும் 17ஆம் நூற்றாண்டில் ஹுஸார் என்ற போலந்துக் குதிரைப்படை வீரர்கள் அணிந்த 'ஷிஷாக்' என்ற தலைக்கவசமாகத்தான் இருக்கும். உதுமானியத் துருக்கியரின் தலைக்கவசத்திலிருந்து பிறந்த வடிவம் அது. அந்த இதய வடிவத் துளை சரியாகக் காதுக்கு நேரே அமைந்திருப்பதைக் கவனியுங்கள். இரும்புத் தகடு காதை முழுவதும் மூடிவிட்டால் எக்காள ஒலியும் தலைவனின் ஆணையும் வீரனுக்குக் கேட்காது. எனவே அந்த இடத்தில் துளையிட்டே ஆக வேண்டும். வெறும் வட்டத் துளையே போதும் என்ற நிலையிலும் அதை இதயமாக வெட்டிய கொல்லரின் மனம்தான் இந்தக் கலையின் உயிர் என்று நான் கருதுகிறேன்.

பித்தளைப் பூக்களின் கதையும் இதுவே. கன்னத் தகட்டையும் உள்ளே இருக்கும் தோல் பட்டைகளையும் பிணைக்கும் தறையாணிகளின் தலைகளே பல கவசங்களில் பூவிதழ்களாக விரிகின்றன. இரும்பின் கருமைக்கும் வெண்மைக்கும் எதிரே பித்தளையின் மஞ்சள் பளிச்சென்று தெரிவதால், தகடுகளின் விளிம்புகளிலும் அதையே பதித்தார்கள். முகத்தின் நடுவே இறங்கும் மூக்குத் தகட்டை ஏற்றி இறக்கித் திருகாணியால் நிறுத்தலாம். அதன் நுனி சில கவசங்களில் இலையைப் போல அகன்றிருக்கும். பிடரியில் இறால் ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தகடுகள், தலையை நிமிர்த்தினாலும் குனிந்தாலும் கழுத்தை விட்டு விலகாமல் கூடவே அசைந்தன. 1683 செப்டம்பர் 12 அன்று வியன்னாவை உதுமானியரின் முற்றுகையிலிருந்து மீட்க, போலந்து மன்னர் மூன்றாம் யான் சோபியெஸ்கியின் தலைமையில் பாய்ந்த ஹுஸார்கள் அணிந்தவை இத்தகைய கவசங்களே. ஹுஸார் படை 1776இல் கலைக்கப்பட்டது. எஞ்சிய கவசங்கள் சிலவற்றை வார்சாவின் போலந்து இராணுவ அருங்காட்சியகத்தில் காணலாம்.

கேள்வி: தலையுச்சி சதுரமாக உள்ள தொப்பியும் போலந்துக் குதிரைப்படைக்கு உரியதா?

பதில்: ஆம். அது ஈட்டி வீரர்களான உலான்களின் 'சாப்கா'. போலந்தியரின் பழைய நாற்கோணத் தொப்பியே அதற்கு முன்னோடி. நெப்போலியனின் காவற்படையில் 1807இல் அமைக்கப்பட்ட போலந்துக் குதிரைப்படையினரின் சாப்காவில், மேற்பகுதி செந்நிறத் துணியால் ஆனது; நெற்றிக்கு மேலே சூரியக் கதிர்களாக விரியும் தகடும், அதன் நடுவே பேரரசரின் முதலெழுத்தும் இருந்தன. பின்னர் ஜெர்மானிய உலான்களும் பிரிட்டனின் ஈட்டிப் படையினரும் அதே சதுர உச்சியைத் தங்கள் சீருடையில் ஏற்றுக்கொண்டனர்.