பூக்குது, காய்க்கல!

கேள்வி: தொட்டில வச்ச தக்காளி ஆளுயரம் வளர்ந்துடுச்சு, பூவும் கொத்துக் கொத்தா வருது, ஆனா ஒண்ணுகூட பிஞ்சாகாம காம்போட உதிருதே, ஏன்?

பதில்: இலை கரும்பச்சையா தளதளன்னு இருக்கா? அப்போ தழைச்சத்து (நைட்ரஜன்) ஓவர், யூரியா கிரியா போடுறீங்கன்னா முதல்ல நிறுத்துங்க. வெயில் 35 டிகிரிக்கு மேல போனாலும் மகரந்தத்தோட வீரியம் குறைஞ்சிடும், மதியம் மட்டும் நிழல்வலை கட்டுங்க. இன்னொண்ணு, தக்காளில ஆணும் பொண்ணும் ஒரே பூவுலதான், தேனீ வரலைன்னா காலைல வெயில் ஏறினதும் பூங்காம்ப விரலால லேசா சுண்டி விடுங்க, மகரந்தம் மஞ்சளா பொடி மாதிரி உதிர்றது கண்ணுக்கே தெரியும் (நான் பழைய டூத்பிரஷ்ஷால தட்டுவேன், வீட்ல ஒரே சிரிப்பு). பக்கத்துல ரெண்டு செண்டுமல்லி வைங்க, அழகுக்கு அழகு, தேனீயும் எட்டிப் பார்க்கும்.