8 அங்குலத் தொலைநோக்கியில் புளூட்டோ தெரியவில்லையா?

மூன்று இரவு தேடியும் 8 அங்குலத் தொலைநோக்கியில் புளூட்டோ அகப்படவில்லை, கண்ணாடி கெட்டுவிட்டதோ என்று கேட்டிருந்தீர்கள். கண்ணாடியைக் கழற்றிவிடாதீர்கள், அதன் மேல் தப்பில்லை. புளூட்டோவின் மேக்னிட்யூட், அதாவது வெளிச்சத்தைக் குறிக்கும் எண், இப்போது 14-ஐத் தாண்டிவிட்டது. இந்த எண் கூடக்கூட மங்கல். நல்ல இருட்டு வானத்திலேயே 8 அங்குலத்தின் எல்லை கிட்டத்தட்ட அதுதான். போதாக்குறைக்கு, 1989-இல் சூரியனை நெருங்கி வந்தது இப்போது விலகிப் போய்க்கொண்டிருக்கிறது.

அப்புறம், வட்டமாகத் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். நம் நிலாவை விடச் சிறிய உருண்டை, 500 கோடி கிலோமீட்டருக்கு அப்பால். நம் கையில் இருக்கும் கருவிகளில் வெறும் புள்ளிதான். நட்சத்திரம் இல்லை என்று காட்டிக்கொடுப்பது அதன் நகர்வு மட்டுமே. 1930-இல் கிளைட் டோம்பா கண்டுபிடித்ததும் அப்படித்தான்: ஆறு நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு படத்தகடுகளை மாற்றி மாற்றிப் பார்த்தார், ஒரு புள்ளி மட்டும் தாவியது. நீங்களும் கேமராவை மாட்டிப் படம் எடுங்கள், இரண்டு மூன்று நாள் கழித்து அதே இடத்தை மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள்.

இல்லை, கண்ணால்தான் பார்க்க வேண்டும் என்றால் சரி, சீரிஸைத் தேடுங்கள். புளூட்டோவைப் போல அதுவும் குறுங்கோள்தான், சூரியனுக்கு நேரெதிரே வரும் நாட்களில் பைனாகுலருக்கே சிக்கும்.