ஆக்சுவரி ஆவதற்காக பி.எஸ்சி. கணிதத்தை விட வேண்டுமா?

ஆக்சுவரி (காப்பீடு, ஓய்வூதியம் போன்றவற்றின் நிதி இடர்களைக் கணித்துச் சொல்லும் வல்லுநர்) ஆவதற்காக பி.எஸ்சி. கணிதத்தை இரண்டாம் ஆண்டில் விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டத்தை மாற்றத் தேவையில்லை. இந்திய ஆக்சுவரிகள் நிறுவனம் நடத்தும் ஏசிஇடி நுழைவுத் தேர்வைப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாலே எழுதலாம்.

அதற்கான மாதிரித் தேர்வில் இயற்கணிதம் எளிதாக இருந்தும் புள்ளியியல் கைவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். நிகழ்தகவைச் சூத்திரங்களாக மட்டும் படித்ததே பெரும்பாலும் காரணமாக இருக்கும். நம் பருவத் தேர்வுகளும் அந்தப் பழக்கத்தைத்தான் வளர்க்கின்றன.

ஒன்றைச் சோதித்துப் பாருங்கள்: பகடையில் முதன்முதலாக ஆறு விழச் சராசரியாக 6 முறை உருட்ட வேண்டும் என்பதை, ஒரு முடிவிலாத் தொடரின் கூட்டுத்தொகையாக எழுதி நீங்களே வருவிக்க முடிகிறதா? முடியாவிட்டால் கணித எதிர்பார்ப்பு (சராசரியாக எதிர்பார்க்கும் மதிப்பு), சார்புநிலை நிகழ்தகவு (ஒன்று நடந்தது தெரிந்தபின் மற்றொன்று நடப்பதற்கான நிகழ்தகவு) ஆகிய இரண்டிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

ஏசிஇடி தேர்ச்சி, அந்த நிறுவனத்தில் மாணவ உறுப்பினராகச் சேர்வதற்கான வாயில் மட்டுமே. அதன்பின் வரும் சிஎஸ்1 (ஆக்சுவரிப் புள்ளியியல்), சிஎம்1 (ஆக்சுவரிக் கணிதம்) முதலிய தேர்வுத் தாள்களை முடிக்கப் பல ஆண்டுகள் ஆகலாம் என்பதால், பட்டத்தை முடித்து, காப்பீட்டுத் துறையில் வேலை பார்த்தபடியே அவற்றை எழுதுவதுதான் என் பார்வையில் பாதுகாப்பான வழி.