பாட்டி பெட்டியில் இருந்த 1918 ரூபாய்: பம்பாயா, கல்கத்தாவா?

தக்கலை நண்பரே, பாட்டி பெட்டியில் கிடைத்த 1918 வெள்ளி ரூபாய் எங்கே அடித்தது, புளி போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தேய்க்கவே தேய்க்காதீர்கள், சேகரிப்பவர்களுக்கு அந்தக் கருப்புதான் பிடிக்கும். பின்பக்கம் அடியில் இருக்கும் தாமரைப் பூவுக்குக் கீழே லென்ஸ் வைத்துப் பாருங்கள், சின்னதாகப் புடைத்த புள்ளி இருந்தால் பம்பாய், ஒன்றுமே இல்லையென்றால் கல்கத்தா. அப்புறம் எடை: புதிதில் 11.66 கிராம், புழங்கியதில் கொஞ்சம் குறையும். ஜார்ஜ் மன்னரின் கிரீடமும் காதும் அங்கியில் உள்ள குட்டி யானையும் மழுங்காமல் இருந்தால் நல்ல காசு. விளிம்பில் வளையம் பற்றவைத்த தடம் தெரிந்தால், என்ன தேதி போட்டிருந்தாலும் சரி, பெரும்பாலும் வெள்ளி விலைதான். நாகர்கோவில் நகைக்கடைக்குப் போனால் எடை மட்டும் போடச் சொல்லுங்கள், உரசிப் பார்க்க விடாதீர்கள்.