கிளினிக்கை பிரைவேட் ஈக்விட்டிக்கு விற்கலாமா? கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் ஐந்து தோல் மருத்துவர்கள். லாபத்தை வருடக் கடைசியில் பிரித்துக்கொள்வோம், கிளினிக் கணக்கில் மிச்சம் பூஜ்யம். முதலீட்டாளர் பணத்தில் நிறுவனங்களை வாங்கி விற்கும் பிரைவேட் ஈக்விட்டிக்காரர்கள் எட்டு மடங்கு விலை தருகிறோம் என்கிறார்களே, எதற்கு எட்டு மடங்கு?

பதில்: உங்கள் வருமானத்தில் நீங்களே விட்டுக்கொடுக்கப்போகும் பங்குக்கு. இப்போது ஆளுக்கு 100, மொத்தம் 500 எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். இனி 70 போதும் என்று கையெழுத்திட்டால் 150 மிஞ்சும். அந்த 150-க்கு எபிட்டா (வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் உள்ள லாபம்) என்று பெயர் சூட்டி எட்டால் பெருக்குவார்கள்: 1,200, ஆளுக்கு 240. அதில் 30 சதவீதத்தை ரொக்கமாகத் தராமல், வாங்கும் குழுமத்தின் பங்காக, அதாவது ரோல்ஓவர் பங்காகப் பிடித்துக்கொண்டால் கைக்கு வரும் ரொக்கம் 168. வருடத்துக்கு 30 குறைகிறதே! வரியை விட்டுவிட்டால், சுமார் ஐந்தரை வருடத்தில் அந்த ரொக்கம் சரிக்குச் சரியாகிவிடும். ஓய்வை நெருங்குபவருக்கு நல்ல பேரம்தான்.

கேள்வி: எனக்கு 38 வயது. ரோல்ஓவர் அடுத்த விற்பனையில் பெருகும் என்கிறார்கள், சார்.

பதில்: பெருகலாம். சிறு கிளினிக்குகளை ஐந்து மடங்குக்கு வாங்கிக் கோத்து, மொத்தமாகப் பத்துக்கு விற்பதுதான் அவர்கள் தொழில்; பொதுவாக 3 முதல் 7 வருடத்தில். ஆனால் கிளினிக்குகளை வாங்க எடுத்த கடன் குழுமத்தின் தலையில்தான் இருக்கும். விற்ற பணம் முதலில் கடன்காரருக்கு, பிறகு முன்னுரிமைப் பங்குக்கு, மிஞ்சினால் சாதாரணப் பங்குக்கு. உங்களுடையது அவர்கள் வைத்திருக்கும் அதே வகைப் பங்கா என்று எழுத்தில் கேளுங்கள். அமெரிக்காவில் 2018-ல் கேகேஆர் என்ற பிரைவேட் ஈக்விட்டி நிறுவனம் வாங்கிய மருத்துவ சேவை நிறுவனம் என்விஷன் ஹெல்த்கேர், கடன் பளு தாங்காமல் 2023 மே மாதம் திவால் மனு போட்டது.

கேள்வி: மருத்துவர் அல்லாதவர் கிளினிக் நடத்தச் சட்டம் விடாத இடத்தில் எப்படி வாங்குவார்கள்?

பதில்: கிளினிக் ஒரு மருத்துவர் பெயரிலேயே இருக்கும். குத்தகை, கருவி, பில்லிங், ஊழியர்கள் எல்லாம் நிர்வாகக் கம்பெனிக்குப் போய்விடும். அது கட்டணமாக லாபத்தை உறிஞ்சும். சிகிச்சை முடிவு டாக்டருடையது என்று ஒப்பந்தத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும். ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிடம், பயாப்ஸி எந்த லேபுக்கு என்பதை யார் தீர்மானிப்பது? அது பின்னிணைப்பில் கிடக்கும்.

கேள்வி: வேறெங்கே வழுக்கும்?

பதில்: போட்டித் தடை விதியில், அதாவது விலகிய பிறகு இத்தனை தூரத்துக்குள் தொழில் செய்யக்கூடாது என்ற விதியில். தூரத்தை நீங்கள் உட்காரும் கிளினிக்கிலிருந்து அளக்கிறார்களா, குழுமத்தின் எல்லாக் கிளைகளிலிருந்துமா? பின்னதானால், நாளை அவர்கள் இன்னொரு கிளை வாங்கியதும் உங்கள் தடை வட்டமும் விரியும். விலகிய பிறகு வரும் வழக்குகளுக்கான டெயில் இன்சூரன்ஸ் பிரீமியம் யார் பொறுப்பு என்பதையும் இப்போதே எழுதி வாங்குங்கள். விலகும் நாளில் கேட்டால் உங்கள் தலையில்தான் விழும்.